கடல் கடந்த இல்லறம்

காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இரவில் ரயில் வண்டியிலிருந்து அவர் இறக்கிவிடப்பட்டதும், அங்கே சத்தியாக்கிரகம் என்னும் புதிய ஆயுதம் உருவானதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். ஆனால் 1893 முதல் 1914 வரையிலான அந்த இருபத்தோர் ஆண்டுகளில் அவர் வீட்டு அடுப்பு எத்தனை ஊர்களில் மூட்டப்பட்டது, எத்தனை முறை பாதியில் அணைக்கப்பட்டது என்று கேட்பவர் குறைவு. சொந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு இக்கேள்வி அயலானதன்று. மாற்றல் உத்தரவு பெரும்பாலும் ஒருவர் பெயருக்கு வருகிறது; பாத்திரங்களை மூட்டை கட்டும் வேலை மற்றொருவர் கைக்குப் போகிறது. அந்த மற்றொருவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இவ்வரலாறு சற்று வேறு விதமாகத் தோன்றும்.

அன்னை கஸ்தூரிபா தம் கைப்பட எதையும் எழுதி வைக்கவில்லை. எளிய குஜராத்திக் கடிதம் ஒன்றை முயன்று எழுதும் அளவே அவருக்கு எழுத்துப் பயிற்சி இருந்தது. ஆகவே அவரைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் கணவரின் எழுத்து வழியாக வந்தவையே. இது ஒரு குறைதான். எனினும், தம் குற்றங்களைத் தாமே வெளியிடும் அபூர்வமான வழக்கம் அடிகளுக்கு இருந்தது. அவர் தமக்கெதிராகவே சாட்சி சொல்லும் இடங்களில் அம்மையாரின் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது.

இருவரும் 1869ஆம் ஆண்டில் போர்பந்தரில் பிறந்தவர்கள். பதின்மூன்று வயதளவில் மணம் முடிந்தது. முதல் பிரிவு 1888இல் நேர்ந்தது. மூத்த மகன் ஹரிலால் கைக்குழந்தையாக இருந்தபோது கணவர் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பலேறினார். மூன்றாண்டு கழித்துத் திரும்பினார். இரண்டாம் மகன் மணிலால் பிறந்து சில மாதங்களுக்குள் 1893இல் மீண்டும் தனியே தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். ஓராண்டு வேலை என்று சொல்லிப் போனவர் மூன்றாண்டு தங்கிவிட்டார். இவ்விரு பிரிவுக் காலங்களிலும் அம்மையார் ராஜ்கோட்டில் புகுந்த வீட்டின் கூட்டுக் குடும்பத்தில் இருந்தார். கடல் என்பது அதுவரை அவருக்குக் கணவரைக் கொண்டு போவதாக மட்டுமே இருந்தது.

1896 நவம்பர் 30ஆம் நாள் அவர் தாமே கப்பலேறினார். பம்பாயிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற 'கூர்லண்டு' என்னும் நீராவிக் கப்பல் தாதா அப்துல்லா கம்பெனிக்குச் சொந்தமானது. கட்டணமின்றி இடம் கிடைத்தது. உடன் இரண்டு புதல்வர்கள், அடிகளுடைய விதவைச் சகோதரியின் ஒரே மகன். அம்மையார் அப்போது மீண்டும் கருவுற்றிருந்தார்.

இந்தப் பிரயாணத்துக்கான ஆடை ஏற்பாட்டை அடிகள் விரிவாக எழுதியிருக்கிறார். வெள்ளையர் நாட்டில் மதிப்புப் பெற வேண்டுமானால் நாகரிக உடை வேண்டும் என்பது அன்று அவருடைய உறுதியான எண்ணம். இந்தியருள் பார்ஸிகளே மிக நாகரிகமானவர்கள் என்று அக்காலத்தில் கருதப்பட்டதால், மனைவிக்குப் பார்ஸிப் பாணியில் புடவை, பிள்ளைகளுக்குப் பார்ஸிக் கோட்டும் கால்சட்டையும் என்று தீர்மானித்தார். அனைவருக்கும் பூட்ஸும் காலுறையும் கட்டாயம். கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணவும் பழக வேண்டியிருந்தது. காலணி கடித்து விரல்கள் புண்ணாயின. காலுறைகள் வியர்வையில் நாறின. வேண்டாம் என்று அவர்கள் சொல்லாமல் இல்லை. கணவரின் அதிகாரத்துக்கு முன்னால் அந்தச் சொல் எடுபடவில்லை, அவ்வளவுதான். காலுறை அணியாத குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண், ஆடும் கப்பலில், வயிற்றில் குழந்தையோடு, முள்கரண்டி பழகிய காட்சியை எண்ணிப் பார்க்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

டர்பன் துறைமுகத்தில் அவர்களை எதிர்நோக்கியிருந்தது நல்வரவன்று. பம்பாயில் பிளேக் நோய் பரவியிருந்ததைக் காரணம் காட்டிக் கப்பலைத் தனியே நிறுத்தி வைத்தார்கள். இந்தியர் குடியேற்றத்தை எதிர்த்த வெள்ளையர் கூட்டம் கரையில் திரண்டிருந்ததே உண்மையான காரணம். கரையைக் கண்ணால் கண்டுகொண்டே வாரக்கணக்கில் காத்திருந்தபின், 1897 ஜனவரி 13ஆம் நாள் இறங்க அனுமதி கிடைத்தது. அம்மையாரும் பிள்ளைகளும் வண்டியில் பார்ஸி ருஸ்தம்ஜியின் வீட்டுக்கு முன்னதாக அனுப்பப்பட்டனர். பின்னர் நடந்து வந்த அடிகளைக் கூட்டம் சூழ்ந்து கல்லாலும் முட்டையாலும் அடித்தது. போலீஸ் அதிகாரி அலெக்ஸாண்டரின் மனைவி தற்செயலாக அவ்வழியே வந்து, தம் குடையை விரித்து அவருக்கும் கூட்டத்துக்கும் இடையே நின்றிராவிட்டால் உயிர் தப்பியிருக்குமோ என்பது ஐயமே. அன்றிரவு ருஸ்தம்ஜியின் வீட்டையும் கூட்டம் முற்றுகையிட்டது. போலீஸ் அதிகாரியின் யோசனைப்படி அடிகள் காவலர் உடையில் வெளியேறினார். குடும்பம் உள்ளேயே இருந்தது. புதிய நாட்டில் கஸ்தூரிபா கழித்த முதல் இரவு அது.

பின்னர் டர்பனில் பீச் குரோவ் என்னும் பகுதியில் வீடு அமைந்தது. பாரிஸ்டர் வீடு என்பதற்கேற்ற மேசையும் நாற்காலியும் இருந்தன. அலுவலகக் குமாஸ்தாக்களும் அந்த வீட்டிலேயே தங்கினர். குஜராத்தியரும் தமிழரும் ஒரு கூரையின்கீழ் உண்டனர். மூன்றாம் மகன் ராமதாஸ் 1897இல் பிறந்தார். 1900இல் தேவதாஸ் பிறந்தபோது மருத்துவர் வந்து சேரத் தாமதமாகவே, பிரசவ நூல் ஒன்றைப் படித்து வைத்திருந்த அடிகள் தாமே பிரசவம் பார்த்தார்.

1898இல் நடந்த ஒரு பூசல் இங்கே சொல்லத்தக்கது. அவ்வீட்டு அறைகளுக்குச் சாக்கடை வசதி இல்லை. ஒவ்வோர் அறையிலும் சிறுநீர்ப் பானை வைத்திருந்தனர். அவற்றைத் தோட்டியிடம் விடாமல் கணவனும் மனைவியும் தாமே எடுத்துக் கழுவினர். தாழ்த்தப்பட்ட வகுப்பிலே பிறந்து கிறிஸ்தவரான ஒரு குமாஸ்தா புதிதாக வந்தார். அவருடைய பானையை எடுக்க அம்மையாரின் மனம் இசையவில்லை. கண் சிவந்து, நீர் வழிய, பானையைக் கையில் ஏந்தி மாடிப்படியில் இறங்கி வந்தார். அது கணவருக்குப் போதவில்லை. முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்றார். சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. கையைப் பற்றி இழுத்துச் சென்று வெளிவாயிலைத் திறந்து அம்மையாரைத் தள்ளப் பார்த்தார் அடிகள். வெட்கம் என்பதே உமக்கு இல்லையா, பெற்றோரோ உற்றாரோ இல்லாத இந்நாட்டில் நான் எங்கே போவேன், யாராவது பார்ப்பதற்குள் கதவைச் சாத்தும் என்ற பொருள்பட அம்மையார் அழுதுகொண்டே கூறினார். அடிகள் நாணிக் கதவைச் சாத்தினார்.

தீண்டாமை பற்றி அம்மையார் அன்று கொண்டிருந்த எண்ணம் தவறானதே. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆயினும் அந்த வாயிலில் எழுந்த கேள்விக்குத் தனி நியாயம் உண்டு. ராஜ்கோட்டில் இது நடந்திருந்தால் தாய்வீட்டுக்கு ஒரு வண்டி கிடைத்திருக்கும். கடலுக்கு அப்பால், கணவரின் கதவு ஒன்றே அவருக்கு ஊரும் உறவுமாக இருந்தது.

1901இல் தாய்நாடு திரும்புவதென்று முடிவாயிற்று. நேட்டால் இந்தியர் பிரிவுபசாரமாகப் பரிசுகளைக் குவித்தனர். பொன் சங்கிலிகள், கடிகாரங்கள், வைர மோதிரங்கள். அம்மையாருக்கென்றே ஐம்பது கினி மதிப்புள்ள பொன் அட்டிகை. பொதுத்தொண்டுக்குக் கூலி பெறலாகாது என்று இரவெல்லாம் உறங்காமல் நடந்து சிந்தித்த அடிகள், எல்லாவற்றையும் அறநிதியாக்க முடிவு செய்தார். முதலில் பிள்ளைகளை இணங்க வைத்தார். அம்மையார் எளிதில் இணங்கவில்லை. வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டாமா என்றார். அட்டிகை உனக்குக் கிடைத்தது உன் தொண்டுக்காகவா, என் தொண்டுக்காகவா என்று கணவர் மடக்கினார். அதற்கு அம்மையார் தந்த விடை வழக்கறிஞரையே திகைக்க வைக்கத்தக்கது. உமது தொண்டும் எனது தொண்டும் ஒன்றே. இரவு பகலாக நான் உமக்கு உழைத்ததும், கண்டவரையெல்லாம் வீட்டில் வைத்து என்னை அழவைத்து அவர்களுக்குப் பணி செய்வித்ததும் தொண்டில் சேராதா என்று கேட்டார். வாதத்தில் அவர் தோற்றதாக எனக்குத் தோன்றவில்லை. நகைகள் என்னவோ பாங்கியில் அறநிதியாகிவிட்டன. ஊர் ஊராகப் பெயரும் குடும்பத்தில் நகை என்பது பெண்ணுக்குக் கையோடு வரும் ஒரே நிலம் என்பதை நம் வீட்டுத் தாய்மார்களிடம் விளக்க வேண்டியதில்லை.

பம்பாயில் முதலில் கீர்காமில் வீடு பிடித்தனர். அது வெளிச்சமும் காற்றும் போதாத வீடு. மணிலாலுக்கு டைபாய்டு சுரம் கண்டு பிழைத்தபின், சாந்தாகுரூஸில் நல்லதொரு பங்களா வாடகைக்கு அமைந்தது. சாந்தாகுரூஸிலிருந்து சர்ச்கேட்டுக்கு முதல் வகுப்புப் பருவச்சீட்டு வாங்கிக்கொண்டு அடிகள் வழக்குமன்றம் சென்று வந்தார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஆயுள் இன்ஷூரன்ஸும் எடுத்தார். எல்லாக் குடும்பஸ்தர்களையும் போல அவரும் நிலையாக ஓரிடத்தில் வாழ முயன்ற காலம் இது ஒன்றே எனலாம். 1902 இறுதியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து தந்தி வந்தது. ஓராண்டில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் பங்களாவையும் குடும்பத்தையும் அப்படியே விட்டு அவர் கப்பலேறினார். பின்னர் அந்த இன்ஷூரன்ஸும் கட்டணம் செலுத்தாமல் கைவிடப்பட்டது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அம்மையார் பிள்ளைகளோடு மீண்டும் கடல் கடந்தார். கப்பல் தலைவனோடு விளையாடிய ராமதாஸ் கையை முறித்துக்கொண்டதால், கட்டுப் போட்ட கையுடன்தான் சிறுவன் தந்தையைக் கண்டான். இம்முறை வீடு ஜோகன்னஸ்பர்க்கில். நாகரிகம் பற்றிய கணவரின் கருத்து இதற்குள் தலைகீழாகியிருந்தது. கத்தியும் முள்கரண்டியும் போய்க் கையால் அரைக்கும் எந்திரம் வந்தது. ஏழு பவுன் கொடுத்து வாங்கிய அந்த இரும்பு எந்திரத்தில் அடிகளும் பிள்ளைகளும், உடன் வசித்த போலக்கும் காலையில் கோதுமை அரைத்தனர். போலக்கின் மனைவி மில்லி ஆங்கில நாட்டுப் பெண். 1905இன் கடைசியில் மணமாகி அவ்வீட்டிலேயே குடியேறினார். அவர் பின்னாளில் எழுதி 1931இல் வெளியான நூல், அந்த இல்லத்தின் உள்வாழ்க்கையைப் பெண்ணொருத்தி கண்டு சொன்ன சாட்சியம் என்ற வகையில் மதிப்புள்ளது.

1906இல் அந்த வீடும் கலைந்தது. டர்பனிலிருந்து பதினான்கு மைல் தொலைவிலுள்ள பீனிக்ஸ் குடியிருப்புக்குக் குடும்பம் பெயர்ந்தது. பழமரங்களும் பாம்புகளும் மிகுந்த நூறு ஏக்கர் நிலம். இரும்புத் தகடு வேய்ந்த எளிய வீடுகள். கணவரோ டிரான்ஸ்வாலில் போராட்டத்திலும் சிறையிலுமாக இருந்தார். 1908 நவம்பரில் அம்மையார் கடும் நோயுற்ற செய்தி வோல்க்ஸ்ரஸ்ட் சிறையிலிருந்த அவருக்கு எட்டியது. அபராதம் செலுத்தினால் வெளியே வந்து பார்க்கலாம். செலுத்த மறுத்து, ஆறுதல் கூறிக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தைப் பிறர் படித்துக் காட்ட, படுக்கையிலிருந்து அம்மையார் எவ்வாறு கேட்டார் என்பதை யாரும் பதிவு செய்யவில்லை.

1909 தொடக்கத்தில் டர்பனில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. உடல் மிக நலிந்திருந்ததால் மயக்க மருந்து தரவும் இயலவில்லை. மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தாலன்றித் தேறமாட்டார் என்றார் மருத்துவர். அடிகள் அம்மையாரிடமே கேட்டார். உயிர் போனாலும் வேண்டாம் என்பதே விடை. அப்படியானால் என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. ரிக்ஷாவில் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். வண்டி வரையில் அடிகள் அவரைக் கைகளில் தூக்கி நடந்தார். பீனிக்ஸ் நிலையத்தில் ஆறு ஆட்கள் தூளிக்கட்டிலில் சுமந்து வீடு சேர்த்தனர். எலும்பும் தோலுமாயிருந்த அம்மையார், எனக்கு ஒன்றும் ஆகாது, கவலை வேண்டாம் என்று வழியெல்லாம் கணவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

இதுவரை சொன்ன பயணங்களுள் பெரும்பாலானவற்றை முடிவு செய்தவர் கணவர். இனிச் சொல்வது அம்மையார் தாமே முடிவு செய்தது.

1913 மார்ச் 14ஆம் நாள் கேப் மாகாண உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பளித்தார். இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் பெண் ஒருவர் கணவருடன் வாழ நாட்டுக்குள் நுழையலாமா என்பது வழக்கு. கிறிஸ்தவ முறைப்படி நடவாததும், திருமணப் பதிவாளரிடம் பதியப்படாததுமான மணம் அந்நாட்டுச் சட்டத்தில் செல்லாது என்பது தீர்ப்பின் பொருள். இந்து, முஸ்லிம், பார்ஸி முறைப்படி நடந்த மணங்கள் யாவும் ஒரே நாளில் செல்லாதவையாயின. அக்கினி சாட்சியாகக் கைப்பிடித்தவள் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள். அவள் பெற்ற மக்களுக்கு வாரிசுரிமையும் உறுதியில்லை. கடல் கடந்து குடியேறியவர்களுக்கு இதைவிடப் பெரிய இழிவு நேர முடியாது. வீட்டை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகலாம். மணத்தை எல்லைக்கு அப்பால் கொண்டுபோக முடியாது என்றது சட்டம்.

அப்படியானால் இந்நாட்டுச் சட்டப்படி நான் உங்கள் மனைவி இல்லையா என்று அம்மையார் கேட்டதை அடிகள் அந்த ஏப்ரலில் கோகலேக்கு எழுதிய கடிதத்தில் குறித்திருக்கிறார். ஆயினும் சிறை செல்லும்படி மனைவியை அவர் அழைக்கவில்லை. தம் சொல்லுக்காக இசைந்து, நீதிமன்றத்தில் நடுங்கி நிற்பாரோ என்ற தயக்கம். பீனிக்ஸிலிருந்த மற்றப் பெண்களிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். அது அம்மையாரின் காதில் விழுந்தது. என்னிடம் என்ன குறை கண்டீர், நீரும் என் மக்களும் தாங்கும் துன்பத்தை என்னால் தாங்க முடியாதா என்று கேட்டு, போராட்டத்தில் சேர்வதாகத் தாமே உறுதி கூறினார்.

1913 செப்டம்பர் 15ஆம் நாள் பதினாறு பேர் பீனிக்ஸிலிருந்து புறப்பட்டனர். நால்வர் பெண்கள். நேட்டாலிலிருந்து அனுமதிச் சீட்டின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடப்பதே குற்றம். அக்குற்றத்தைச் செய்யவே அவர்கள் சென்றனர். எல்லையூர் வோல்க்ஸ்ரஸ்ட். ஐந்தாண்டுக்கு முன் கணவர் சிறையிலிருந்த அதே ஊர். 23ஆம் நாள் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 1893இல் அடிகள் ரயிலிலிருந்து தள்ளப்பட்ட மாரிட்ஸ்பர்க் நகரின் சிறைக்கு அம்மையார் கொண்டு செல்லப்பட்டார். துணி வெளுப்பது வேலை. பழ உணவு விரதம் பூண்டிருந்த அவர், சிறை அதிகாரிகள் அதனை மறுத்ததால் ஐந்து நாள் பட்டினி கிடந்தார்.

இதே காலத்தில் டிரான்ஸ்வாலிலிருந்து எதிர்த்திசையில் ஒரு பெண்கள் குழு புறப்பட்டது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பதினொரு பேர். ஒருவர் நீங்கலாக எல்லோரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. எல்லை கடந்தும் போலீஸார் பிடிக்காமல் விட்டுவிடவே, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்று, லாசரஸ் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் தங்கி, ஒப்பந்தத் தொழிலாளரிடம் வேலைநிறுத்தம் செய்யும்படி பேசினர். மூன்று பவுன் தலைவரி நீங்கும்வரை சுரங்கத்தில் இறங்காதீர்கள் என்றனர். சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6ஆம் நாள் அடிகளின் தலைமையில் எல்லையை நோக்கி நடந்த படையில் 2,037 ஆடவர், 127 பெண்கள், 57 குழந்தைகள். அதற்கு முன்பே அக்டோபரில் இத்தமிழ்ப் பெண்களும் சிறைப்பட்டு, கஸ்தூரிபா இருந்த அதே மாரிட்ஸ்பர்க் சிறைக்கு வந்து சேர்ந்தனர். குஜராத்திப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒரே தொட்டியில் சிறைத் துணி வெளுத்தனர் என்று எண்ணிக்கொள்ளலாம். அப்போராட்டத்தில் சிறைபுகுந்து சுரத்தோடு வெளிவந்த பதினாறு வயது வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தாள்.

அம்மையார் 1913 டிசம்பர் 22ஆம் நாள் விடுதலையானார். உடல் எலும்புக்கூடாக இருந்தது. அதற்கு முந்திய நாள்தான் அடிகள் துக்கக் குறியாகத் தலை மழித்து, ஒப்பந்தத் தொழிலாளரின் உடையில் டர்பன் பொதுக்கூட்டத்தில் தோன்றினார். பார்ஸிக் கோட்டின் காலம் எங்கோ போய்விட்டது.

1914ஆம் ஆண்டின் நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்திய மணங்களும், மனைவி ஒருத்தி என்ற வரம்புக்கு உட்பட்டு, செல்லுபடியாயின. சட்டப்படி மனைவியாகி ஒரு மாதம் கூடச் சரியாக அந்நாட்டில் அம்மையார் வாழவில்லை. ஜூலை 18ஆம் நாள் கேப் டவுனில் 'கின்பான்ஸ் காசில்' கப்பலின் மூன்றாம் வகுப்பில் இருவரும் நண்பர் காலன்பாக்குடன் லண்டனுக்குப் புறப்பட்டனர். காலன்பாக்கின் விலையுயர்ந்த தொலைநோக்கி எளிய வாழ்வுக்குப் பொருந்துமா என்று நாள்தோறும் விவாதம் நடந்து, கடைசியில் அதைக் கடலில் எறிந்தனர். அம்மையாரின் கருத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஐம்பது கினி அட்டிகையை விட்டவருக்கு ஏழு பவுன் தொலைநோக்கி பெரிதாகவா பட்டிருக்கும்!

ஆகஸ்டு 6ஆம் நாள் லண்டனை அடைந்தபோது உலகப்போர் தொடங்கியிருந்தது. குளிரில் அடிகளுக்கு மார்புவலி கண்டது. ஜெர்மானியர் என்பதால் காலன்பாக்குக்கு இந்தியா வர அனுமதி கிடைக்கவில்லை. டிசம்பரில் தம்பதிகள் மட்டும் கப்பலேறி, 1915 ஜனவரி 9ஆம் நாள் பம்பாயில் இறங்கினர். அடிகள் கத்தியவார் வேட்டியும் அங்கியும் தலைப்பாகையும் அணிந்திருந்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் இருவரும் சென்னைக்கு வந்தனர். வரவேற்கச் சென்றவர்கள் முதல் வகுப்பில் தேட, அவர்கள் மூன்றாம் வகுப்பிலிருந்து இறங்கினார்கள். தம்புச் செட்டித் தெருவில் ஜி. ஏ. நடேசன் வீட்டில் தங்கினர். அப்பயணத்தில் அடிகள் வள்ளியம்மையின் குடும்பத்துக்குரிய ஊரான தில்லையாடிக்கும் சென்றார். மே 25ஆம் நாள் ஆமதாபாத்தை அடுத்த கோச்ரப்பில் வாடகை வீடொன்றில் சத்தியாக்கிரக ஆசிரமம் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ இருபத்தைந்து பேர். அவர்களுள் பதின்மூவர் தமிழர். ஐவர் தென்னாப்பிரிக்காவிலிருந்தே உடன் வந்த இளைஞர்கள். அனைவருக்கும் ஒரே சமையலறை.